குளச்சலில் ஓடிய ஜப்பான் வண்டி

ஜப்பானியருக்கே கார் செய்யச் சொல்லிக்கொடுக்கும் தகுதி இந்தப் பூமியில் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் குளச்சலில், என் வாடகை வீட்டுக்கு எதிரே பட்டறை வைத்திருந்தார். துபாயில் ஜப்பான் வண்டிகளைப் பழுது பார்த்துவிட்டுத் திரும்பியவர் என்பதால் ஊருக்கே அவர் ‘ஜப்பான்’. ஞானஸ்நானப் பெயர் பங்குச் சாமியாருக்கே மறந்துவிட்டது. அவர் மனைவி பிலோமிக்கு மட்டும் அந்தப் பட்டம் ஆகாது. காதில் விழுந்தால், “எவம்லே அது?” என்று வாசலுக்கு வந்துவிடுவார்.

அந்தப் பிலோமி, இரண்டாயிரத்து எட்டு வாக்கில், மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். முதுகில் நல்ல அடி. காருக்குள் குனிய முடியாது, ஜீப்பில் ஏற முடியாது, ஆட்டோ குலுக்கினால் உயிர் போகும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை நின்றுபோனது. அதில் மனைவியைவிட ஜப்பான்தான் அதிகம் இடிந்துபோனார்.

அப்போது துபாய்க் கூட்டாளி ஒரு படம் அனுப்பினான். காரும் ஜீப்பும் கலந்த புது ஜப்பான் வண்டி. படத்தை என்னிடம் நீட்டினார் ஜப்பான்.

“சாறே, இதுல குனியாண்டாம், ஏறாண்டாம். இடுப்பு உயரத்துல சீட்டு. ஒரே வண்டிக்கு ஜப்பான்ல ஒரு பேரு, வெளிநாட்டுல வேற பேரு. பேரு வைக்கவே எத்தன பேரு மண்டைய உடைச்சிருப்பானுவ!”

“வாங்கிவிடலாமே?”

“இங்க விக்க மாட்டானாம். நாம செய்வோம்.”

செய்தார். பழைய கார் ஒன்றை ஜீப் ஸ்பிரிங் வைத்துத் தூக்கினார். வண்டிக்கு உடம்பு கட்டும் வேலையை ஃபைபர் வள்ளம், அதாவது மீன்பிடிப் படகு, செய்பவர்களிடம் விட்டார். அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் செய்தார்கள். வண்டியின் முன்பக்கம் வள்ளத்தின் மூக்கு மாதிரி வந்தது. அடியில் ஒரு ஓட்டை, அதற்கு ஒரு கார்க்.

“இது எதற்கு?” என்றேன்.

“மழை பெஞ்சா வெள்ளம் வெளிய போவாண்டாமா?”

சோதனை ஓட்டத்துக்கு நான்தான் அகப்பட்டேன். என் கையில் விளிம்புவரை டீ நிறைந்த டம்ளரைக் கொடுத்து, மணவாளக்குறிச்சி ரோட்டில் ஓட்டுவார். டீ சிந்தினால் ஸ்பிரிங்கை மறுபடி கழற்றுவார். என் வேட்டிகளெல்லாம் காவி நிறமாயின. ஒருநாள் டீ சிந்தவில்லை. மனிதர் நடுரோட்டில் இறங்கி என்னைக் கட்டிப்பிடித்ததில் மொத்தமும் சிந்தியது.

பெயரில்தான் முட்டிக்கொண்டது. “பேரு வைக்காத வள்ளத்த கடல்ல எறக்குவாவளா?” என்று வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்திவிட்டார். மீன் ஏலக்காரர் புனிதர்களின் பெயர்களை ஏலம் போடுகிற வேகத்தில் சொன்னார். எல்லாப் பெயரிலும் ஏற்கெனவே வள்ளம் இருந்தது. தெருவே கூடிப் பேசியும் ஜப்பானுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. வண்டி செய்ததைவிடப் பெயர் தேடியதுதான் நீண்டுகொண்டே போனது. பிலோமி ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தபடியே இருந்தார்.

ஒரு ஞாயிறு காலை. வண்டியை மந்திரித்து ஆசீர்வதிக்கச் சாமியார் வந்தாயிற்று, பெயிண்டர் பிரஷோடு நிற்கிறார், பெயர் மட்டும் இல்லை. பிலோமி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். “தள்ளுங்க, பூசைக்கு நேரமாச்சு.” கதவைத் திறந்து, குனியாமல், ஏறாமல், வீட்டு நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். முகம் சுளிக்கவில்லை.

பிறகு பெயிண்டரைப் பார்த்துச் சொன்னார்: “ஜப்பான்னு எழுதும்.”

மனிதர் சட்டென்று வண்டிக்கு அடியில் படுத்துக் கார்க்கைச் சரிபார்க்க ஆரம்பித்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்த மாதிரி ஜப்பான் வண்டிகள் இப்போது நம் ஊரிலும் ஓடுகின்றன. எதில் ஏறினாலும் கையில் ஒரு டம்ளர் டீ இல்லையே என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.