உலக்கைக்கு ஒரு மோட்டார்

உரலுக்குள் இறங்கிய உலக்கை மேலே ஏற மறுத்தது. மோட்டார் முனகியது, புகைந்தது, அடங்கிப்போனது.

"போச்சா மாஸ்டர்?" என்றார் எதிர் அறைக் கொனாடு.

"காருக்குக் கண்ணாடி துடைச்ச மோட்டார்தானே. அதுக்கு இவ்வளவுதான் தெம்பு," என்றார் அம்போஃபோ.

குமாசி நகரில் லாரி எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியே காலத்தை ஓட்டியவர் அவர். மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டில் ஃபூஃபூக் களி நின்றுபோனது. வெந்த மரவள்ளியையும் வாழைக்காயையும் இடிக்க ஒருவர் வேண்டும். இடிக்கு நடுவே கையை விட்டு மாவைப் புரட்ட இன்னொருவர் வேண்டும். ஒண்டிக்கட்டைக்குக் கடை ரொட்டிதான் கதி. கொனாடுவும் கணவனை இழந்தவர். அவரைத் தினமும் கூப்பிட்டால், முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கும் வாய்கள் சும்மா இருக்குமா? அதனால்தான் இந்த இயந்திரம். சக்கரம் சுற்றும், அதில் கோத்த தண்டு, இரண்டு சட்டங்களுக்கு நடுவே உலக்கையை ஏற்றி இறக்கும். சரியான மோட்டார் மட்டும்தான் பாக்கி.

"இழுவையைத் திரும்ப அளந்து பார்ப்போம்மா. ஒரு தடவைதான்."

"உங்களுக்காக இல்லாட்டியும் உரலுக்காக வரேன்."

மாவில் ஒட்டிய உலக்கையைப் பிடுங்க எவ்வளவு பலம் வேண்டும் என்று தெரிந்தால், அதைச் சக்கரத்தின் ஆரத்தால் பெருக்கி மோட்டாரைத் தேர்ந்தெடுக்கலாம். அம்போஃபோ ஸ்பிரிங் தராசை உலக்கையில் மாட்டி, இரண்டு கையாலும் மேலே இழுத்தார். இழுப்பவருக்கு முள் தெரியாது. கீழே உட்கார்ந்து மாவைப் புரட்டிய கொனாடு முள்ளைப் பார்த்துச் சொன்னார்: "முப்பத்தெட்டு கிலோ!"

அளந்த மாவை வீணாக்கலாமா? கொனாடு கடலைக் குழம்பு கொண்டுவந்தார், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேலை விஷயம் என்பதால் முற்றம் வாயைத் திறக்கவில்லை.

பழைய மோட்டார் விற்கும் டுஃபி புருவத்தை உயர்த்தினாள். "போன தடவை எட்டுன்னீங்களே மாஸ்டர்?"

"அது இளசு மரவள்ளி," என்று சமாளித்தார்.

புது மோட்டார் பேய்போல் இடித்தது. உரல் துள்ளியது, மாவு பறந்துபோய், கொடியில் காய்ந்த தேவாலயப் பாடகர் அங்கிகளில் அப்பிக்கொண்டது. முற்றம் முழுக்க வசவு.

"அளவுதான் தப்பு. இன்னொரு தடவை அளப்போமா?" என்றார்.

"அளப்போம், அளப்போம்," என்று கொனாடு குழம்புச் சட்டியைத் தேடிப் போனார்.

இம்முறை பன்னிரண்டு. அதற்கேற்ப வாங்கிய மோட்டாரும் புகைந்தது.

சனிக்கிழமை கொனாடு ஒரு சாவுக்குப் போயிருந்தார். பொறுமை இழந்த அம்போஃபோ, தராசு முகத்தில் ஒரு தீக்குச்சியைக் கிரீஸால் ஒட்டி, தனியாகவே உலக்கையை இழுத்தார். முள் தள்ளியதும் குச்சி நகர்ந்து, எட்டிய இடத்திலேயே நின்றது. இருபத்திரண்டு!

அன்றே மோட்டாரை வாங்கிவந்து மாட்டினார். உலக்கை அழகாக ஏறி இறங்கியது. மாவைப் புரட்டும் வேலை இப்போது அவருடையது. உலக்கைக்கு அடியில் கையை விடப் பயமாக இருந்தது. அத்தனை வருஷம் மனைவி எந்தத் தைரியத்தில் என்னை நம்பிக் கையை உள்ளே விட்டாள் என்று நினைத்துக்கொண்டே புரட்டினார்.

மாலையில் திரும்பிய கொனாடு வாசலிலேயே நின்றார். "அப்போ, இனிமே அளக்க வேண்டாமா?"

"வேண்டாம்மா. உங்களுக்கும் தொந்தரவு விட்டுச்சு."

"ஆமா, விட்டுச்சு," என்று போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பின் இயந்திரம் ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. ஃபூஃபூவும் பிரமாதம். ஆனால் எதிரே யாரும் இல்லாமல் அது தொண்டையில் இறங்கவில்லை. மோட்டார் நின்றதும் அறையில் கவிந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை. கூப்பிடக் காரணம் ஏதும் மிச்சமில்லை.

ஆத்திரம் தராசின்மேல் திரும்பியது. டுஃபியின் கடைக்குக் கொண்டுபோய் எறிந்தார்.

"பழைய இரும்போட போடு. வாய்க்கு வந்த கணக்கைச் சொல்லுது, சனியன்!"

டுஃபி ஐந்து கிலோ படிக்கல்லை அதில் தொங்கவிட்டாள். முள் ஐந்தில் நின்றது.

"தராசைத் திட்டாதீங்க மாஸ்டர். முள்ளைப் பார்த்துட்டு நம்பரை மாத்தி மாத்திச் சொன்னது கொனாடு. சர்ச்சுல எங்கிட்ட ஒத்துக்கிட்டா, அளந்து முடிஞ்சிட்டா நீங்க கூப்பிட மாட்டீங்களேன்னு."