இன்னொரு குஷன் நாற்காலி

மந்தைவெளி,
சனிக்கிழமை.

சௌபாக்கியவதி விஜிக்கு, அண்ணா சாய்நாத்தின் ஆசீர்வாதம். நான் இங்கே சௌக்கியம். சுகரும் பிரஷரும் என்னைவிட சௌக்கியம். நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் இருக்கக் கபாலீஸ்வரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

"ஆத்துக்கு யாராவது வந்துபோறாளா?" என்று போனில் கேட்டாய். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

உன் மன்னி போனபிறகு, நான் தடுக்கி விழக்கூடாது என்று உன் மருமான் சுஹாஸ் ஹால் சாமான்களையெல்லாம் விற்றுவிட்டுக் கனடா போனான் அல்லவா, மிஞ்சியது ஒரே நாற்காலி. அதில் நான். வருகிறவர்கள் நின்றபடியே பேசி, நின்றபடியே போய்விடுகிறார்கள். குறை என்னிடம் இல்லை, நாற்காலியில்தான் என்று முடிவுகட்டினேன். அந்த நேரம் பார்த்து, வேளச்சேரிக்குக் குடிபோன மாடிவீட்டு ஹம்சா, "வேணும்னா எடுத்துக்கோங்கோ மாமா" என்று ஒரு பழைய குஷன் நாற்காலியைக் கொடுத்தாள். தேக்குக் கால், வளைந்த கை. உட்காரும் இடம் மட்டும் கிணறு.

சோபா ரிப்பேர் பார்க்கும் ஃபைசானிடம் காட்டினேன். "இந்தச் செலவுல புதுசாவே ரெண்டு வாங்கலாம் சார்" என்றான். எனக்கு எதற்கு ரெண்டு? யூடியூபைப் பார்த்து நானே இறங்கினேன். துணியைக் கிழித்தால் உள்ளேயிருந்த தேங்காய்நார்த் தூசியில் நாள்பூரா தும்மல், ஒரு ஸ்பிரிங் துள்ளிப்போய் டியூப்லைட்டை உடைத்தது, தி.நகரில் வாங்கிய ஃபோமோடு பஸ் ஏறினால் கண்டக்டர் "இன்னா பெருசு, மெத்தையோட வந்துகீற, தூங்கிக்கினே போப்போறியா?" என்கிறான், அதற்குள் யாரோ ஒருவர் அதில் சாய்ந்து குறட்டையே விட ஆரம்பித்துவிட்டார், மேல்துணி வாங்குவானேன் என்று ஹால் ஜன்னல் திரையைக் கழற்றித் தைத்தேன், இப்போ எதிர்வீட்டுக்காரா நான் சாப்பிடறதப் பாத்துண்டிருக்கா, பாக்கட்டுமே, யாராவது பாத்தா சரி.

ஒருவழியாக முடித்தேன் விஜி. அப்புறம் உட்கார ஆள் வேண்டுமே! சிலிண்டர் கொண்டுவந்த பையன் அறிவிடம், "சித்த ஒக்காந்துட்டுப் போப்பா" என்றேன். "வண்டி ரோட்ல நிக்குது சார்" என்று ஓடினான். கூரியர்காரர் ஓடிபி கேட்டார், வாங்கினார், போனார். நானும் அதில் உட்காரவில்லை. எதிரே என் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் காபி கலந்துவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

ஆகையால் நீ கவலைப்பட ஒன்றுமில்லை. நாற்காலி கல்லு மாதிரி இருக்கிறது. இனிமேல் வருகிறவர்கள் உட்காருவார்கள். முட்டிவலியோடு ரயிலேறி நீ வரவேண்டாம். எனக்குத் துணை ஒன்றும் தேவையில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணா சாய்நாத்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது கீழ்வீட்டு நிஷா சண்டைக்கு வந்தாள். "அங்கிள், தினமும் டொக்கு டொக்குன்னு என்னதான் உடைக்கிறீங்க?" "உக்காந்து திட்டும்மா" என்றேன். உட்கார்ந்தாள். அடிப்பாகம் கழன்று ஆள் உள்ளே போய்விட்டாள். கையைப் பிடித்து இழுத்தால் நாற்காலியும் கூடவே வருகிறது. அவள் சிரிக்க, நான் சிரிக்க, இழுக்கத் தெம்பில்லை. வெளியே வந்ததும், "அடில பலகை வைக்கவே இல்லையா அங்கிள்!" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனாள். நின்றபடிதான்.

அவள் போனபிறகு வீடு முன்னைவிட அமைதியாக இருக்கிறது. நாற்காலி கல்லு மாதிரி என்று எழுதினேனே, அதை அடித்துவிடு. துணை தேவையில்லை என்பதையும். டிக்கெட் போடு, விஜி.