காப்பி குடித்தால் சண்டை

ஒலிவாங்கியைக் கையில் வாங்கியவுடன் மூளையைக் கழற்றி வைத்துவிடுகிறவர்களில் நானும் ஒருத்தி.

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், பார்க்க வரும் வெளிநாட்டவருக்குச் சுற்றிக்காட்டும் வேலையில் இருந்தேன். எண்ணெய் விற்கும் ஒரு நாட்டின் தூதர் வருவதாகத் தகவல் வந்தது. நம் நாடு பெட்ரோல் வரிசையில் நின்று களைத்திருந்த காலம். எண்ணெய்க்குப் பதில் தேயிலை கொடுக்கலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. தோட்டத்தை நடத்தும் துரை சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார். (நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை மட்டும் ஒழுகியபடியே இருந்தது.)

தூதர் வந்த அன்று, கொழும்பிலிருந்து வந்த அதிகாரி மேடையில் ஆங்கிலத்தில் பேசினார். இரு நாட்டு நட்பு நூற்றாண்டுகள் பழையதாம், இதயங்களால் பிணைந்ததாம். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அதை ஒலிவாங்கியில் தமிழில் சொல்வது என் பொறுப்பு. அவர் முடிப்பதற்குள் பாதி மறந்துபோனது.

முன்வரிசையில் இருந்த செல்வி அக்கா கேட்டார்: "என்னா புள்ள சொல்றாரு?"

"அவங்ககிட்ட எண்ணெய் இருக்குக்கா, நம்மகிட்ட தேயில இருக்கு. அவங்க நம்ம தேயிலய வாங்குற வரைக்கும் நாம எங்கயும் அவங்களுக்கு எதிரா கை தூக்க மாட்டோம். அவ்வளவுதான்."

"அவங்க காப்பி குடிக்க ஆரம்பிச்சா?"

"சண்டதான்!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களோடு மேடையில் இன்னொருவரும் சிரித்தார். தூதரின் செயலாளர். எழுந்து என் பக்கம் வந்து, "நான் திருச்சியில படிச்சேன். காப்பி குடிக்க மாட்டோம், பயப்படாதீங்க" என்றார், சுத்தமான தமிழில்.

அவர் தூதரின் காதில் எல்லாவற்றையும் சொன்னார். துரை என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "நாளைக்கி வேலைக்கி வந்துறாத" என்றார். தூதர் என்னைப் பார்த்துச் சிரித்து, "என் உரையும் இதுதான், கொஞ்சம் நீளம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் போட்டார்.

தூதரே சிரித்துவிட்டதால் வேலை தப்பியது. ஒலிவாங்கிதான் போனது. மறுநாளிலிருந்து நான் பொதி கட்டும் பகுதியில்.

போன வாரம் சமைத்துக்கொண்டிருக்கும்போது கேஸ் தீர்ந்தது. பல மாதமாகப் பேசாத பக்கத்து வீட்டுக்காரியிடம் மிச்ச சிலிண்டர் இருப்பது தெரியும். சூடாக நாலு வடையைத் தட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வாசலில் மகள் கேட்டாள்: "என்னாம்மா, தூதர் கெளம்பியாச்சா?"