லொறி என்ற கிடாயின் விஷயமாக மருமகனுக்கு

மாம்புரி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் இன்ஷாப் அவர்களுக்கு, மாமா லத்தீப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உங்கள் மாமி உம்மு குல்சூம், எட்டு செம்மறிகள், எல்லாரும் சுகம். சிலாபத்தில் நீங்களும் மகள் றுஷ்னாவும் சுகமாக இருக்கவும், அல்லாஹ் உங்களுக்கு ஒரு பிள்ளையைத் தரவும் நாலரை வருஷமாகக் கேட்பதுபோல இன்றைக்கும் கேட்டேன். போன் இருக்க மாமா ஏன் கடிதம் எழுதுகிறார், அதுவும் நீங்கள் கணக்குப் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு, என்று யோசிப்பீர்கள். போனில் கதைத்தால் றுஷ்னா ஸ்பீக்கரில் போடுவாள். இது ஆம்பிளைகளுக்குள் கதைக்க வேண்டிய ஆட்டு விஷயம்.

முதலில் என் வெட்கத்தை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் கூட்டிச் சொல்வதற்கு முன். போன செவ்வாய்க்கிழமை மிருக டொக்டர் மெலனி வந்தார். சிங்களப் பிள்ளை, தமிழ் நன்றாகக் கதைப்பார். பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்து, "நானா, முதல்ல ரத்தம் எடுப்பம்" என்றார். நான் கதிரையில் இருந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, நீட்டிவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரமாக ஒன்றும் குத்தவில்லை. திரும்பிப் பார்த்தால் டொக்டர் கிடாயின் கழுத்தில் ஊசியை வைத்துக்கொண்டு நிற்கிறார். வேலிக்கு அங்கால் நின்ற பக்கத்து வீட்டு றம்லா, "லத்தீப் நானா, இந்த முற நீங்களும் குர்பானுக்கா?" என்று கேட்டாள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு இவ்வளவுதான் விளங்கும் மகன்.

அந்தக் கிடாயை நீங்கள் பெருநாளைக்குப் பார்த்திருப்பீர்கள். ஊரில் அதற்கு லொறி என்று பேர். இரண்டு வருஷத்துக்கு முன் நான் வாங்கும்போதே அதன் வளர்த்தியைப் பார்க்க ஆட்கள் நின்றார்கள். மற்றக் கிடாய் ஒரு வருஷத்தில் எடுக்கிற எடையை இது ஏழு மாதத்தில் எடுத்திருந்தது. நானும் லேசில் வாங்கவில்லை. வாப்பா காட்டித்தந்த மாதிரி கண் இரண்டையும் பார்த்து, காது கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, கொம்பைத் தட்டி, பல்லை எண்ணி, நொண்டுகிறதா என்று நாலு தரம் நடத்திப் பார்த்தேன். எல்லாம் பாஸ். பிறகுதான் விளங்கியது, நான் பார்த்தது முழுக்க பெருநாளைக்கு அறுத்து குர்பான் கொடுக்கிற ஆட்டுக்குப் பார்க்கிற பார்வை. குர்பான் ஆடு வாங்குகிறவன் அதற்குக் கீழே குனிந்து பார்ப்பதில்லை. நான் வாங்கியதோ குட்டி எடுக்க.

ஒரு வருஷமாக ஒரு குட்டியும் இல்லை. நான் என்ன செய்தேன், குறை பெட்டை ஆடுகளில்தான் என்று பிடித்துக்கொண்டேன். முருங்கை இலை கொடுத்தேன், புண்ணாக்கை மாற்றினேன், கருஞ்சீரகத்தை அரைத்துத் தேனில் குழைத்து ஊட்டப்போய் கடி வாங்கினேன், ஓதின தண்ணீர் தெளித்தேன், பட்டியின் வாசலைக் கிழக்கிலிருந்து தெற்குக்கு மாற்றினேன், காற்றடிக்கிற காலத்தில் அந்த வாசலால் மண் முழுக்க உள்ளே வந்ததுதான் மிச்சம். லொறிக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. களைத்திருக்கும் என்று தினமும் ஒரு முட்டை கொடுத்தேன். மாமி அன்றைக்கே சொன்னார்:

"அதுகளுக்கு ஒண்டுமில்ல. லொறியக் காட்டுங்க."

"ஒனக்கென்ன தெரியும், அவன்ட நெஞ்சப் பாரு" என்றேன் நான்.

"நெஞ்சாலயா குட்டி வாற?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

கடைசியில் நெற்றியில் சாம்பல் நிறம் உள்ள பெட்டையை மலடு என்று முடிவுகட்டி, கண்டக்குழியில் இருக்கிற என் கூட்டாளி அபூசாலியின் தலையில் கட்டினேன். ஆறு மாதம் கழித்து அபூசாலி போன் எடுத்தான். "லத்தீப், ஒன்ட மலடு மூணு குட்டி போட்டிருக்கி. இன்னம் மலடு இருந்தா அனுப்பு."

அதற்குப் பிறகுதான் மெலனி டொக்டரைக் கூப்பிட்டேன். அவர் மாமியிடம் தையல் டேப்பைக் கேட்டு வாங்கி லொறியை அளந்தார். எங்கே அளந்தார் என்று எழுத மாட்டேன், மாமி அந்த டேப்பை இன்னும் திருப்பி எடுக்கவில்லை என்பதை வைத்து விளங்கிக்கொள்ளுங்கள். "இந்த உடம்புக்கு இது காணாது நானா" என்றார். பிறகு ஒரு சொட்டை எடுத்து, கொண்டுவந்த பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு மூணு பேர் இருக்காங்க. அவங்களும் நடக்கல்ல."

எனக்கு நம்ப முடியவில்லை. "இவ்வளவு வளர்த்தியான கிடாய் டொக்டர்" என்றேன்.

"வளர்த்தி வேற நானா, இது வேற. எடைய மட்டும் பாத்துப் பாத்துக் கிடாய் தெரிஞ்செடுத்தா இப்பிடியும் வரும். அது அவன்ட பிழையில்ல, பொறக்கக்குள்ளயே வந்தது."

அபூசாலியின் மூன்று குட்டிக் கதையையும் கேட்டேன். கூடக் குட்டி போடுகிற குணம் பரம்பரை அலகால் வருகிறதாம். மின்சார பில்லில் உள்ள அலகைத் தவிர வேறு அலகு எனக்குத் தெரியாது, ஆனாலும் தலையாட்டினேன். அது தாயாலும் வருமாம், தகப்பனாலும் வருமாம். "கிடாய் குட்டி போடாதுதானே, அதனால அவன்ட இருக்கிறது வெளிய தெரியாது. அவன்ட மகள்லதான் தெரியும்" என்றார்.

"அப்ப என்ட பெட்டைகள்?"

"அதுகள்ல ஒரு குறையுமில்ல. இவ்வளவு நாளும் சும்மா மருந்து குடிச்சிருக்குதுகள்."

மனிதருக்கும் இப்படி வருமா என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன். வருமாம். ஆனால் பரிசோதித்துப் பார்த்தால் நிறையப் பேருக்கு மருந்திலேயே சரியாகுமாம், அதில் ஒரு வெட்கமும் இல்லையாம்.

மகன், இது ஆட்டு விஷயம் மட்டும். றுஷ்னாவை மூன்று டொக்டரிடம் கூட்டிப்போனீர்கள், மூன்று பேரும் குறையில்லை என்றார்கள், உங்கள் உம்மா சுல்பா மதினி நாலாவது டொக்டரின் நம்பரைக் கொடுத்திருக்கிறார், இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனாலும் அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆம்பிளைகளைப் பார்க்கிற ஒரு டொக்டரின் விலாசம் இந்த உறைக்குள் தவறி விழுந்திருக்கலாம். குப்பையில் போடுவதென்றால் வாசித்துவிட்டுப் போடுங்கள். லொறியை இந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு குர்பான் கொடுக்கிறோம், அதற்கு அவனில் ஒரு குறையும் இல்லை. இதிலிருந்து நீங்கள் வேறு எதையும் விளங்கிக்கொள்ள வேண்டாம்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், மனதில் சாந்தியையும், வீட்டில் பறக்கத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் நன்மையை நாடும் மாமா,
லத்தீப்

பி.கு.: ஆட்டு விஷயம் மட்டும் என்று மேலே எழுதியது பொய். எங்களுக்குக் கலியாணம் முடிந்து ஆறாவது வருஷம் பிறந்தவள் றுஷ்னா. அதுவரைக்கும் மாமியைக் காட்டாத டொக்டர் இல்லை, மாமி கேட்காத பேச்சும் இல்லை. கடைசியில் நீர்கொழும்பில் ஒரு டொக்டர் மாமியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எனக்குத்தான் டெஸ்ட் எழுதினார். எட்டு மாதம் மருந்து குடித்தேன். வீட்டில் கேட்டதற்கு வயிற்றெரிச்சலுக்கு என்றேன். றுஷ்னா பிறந்த அன்று என் உம்மா வந்தவர்கள் எல்லாரிடமும், "மருமகள்ட குறை தீந்துட்டு" என்று சொல்லிக்கொண்டு நின்றார். மாமி படுத்திருந்தபடி என்னைப் பார்த்தார். நான் பிள்ளையைக் கையில் எடுத்து, அதன் காதில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பாங்கு சொன்னேன். குறை என்னுடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.