பிழைக்கு ஒரு நல்ல நாள்

பினாங்குத் தீவில் பிழையே செய்யாத முதலாளி ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் சந்திரசேகரன். எழுத்துமூலமான ஆதாரம் உண்டு. எழுதியவன் நான்.

கணினி நிரலில் யார், எந்த வரியை, எந்த நாளில் மாற்றினார் என்று 'கிட்' என்னும் பதிவேடு ஒன்றுவிடாமல் குறித்து வைக்கும். கோள்சொல்லிதான், ஆனால் பணிவுள்ள கோள்சொல்லி. பெயரையும் தேதியையும் மாற்றச் சொன்னால் முகம் சுளிக்காமல் மாற்றிக்கொள்ளும். எங்கள் அலுவலகத்தில் இதற்கு 'வரலாற்றுச் செம்மையாக்கம்' என்று பெயர்.

சீனி முகம்மது பாயின் நாசி கண்டார் சோற்றுக் கடைகளுக்கு நாங்கள் செய்துகொடுத்த செயலி, போன மாதம் ஒரு வாரம் ஒவ்வோர் ஆர்டரையும் இரண்டு முறை அடுப்படிக்கு அனுப்பியது. ஆயர் ஈத்தாம் கடையில் மீன்தலைக் கறி மலைபோல் மிஞ்சியது. முதலாளி தம் திருக்கரத்தால் ஒரு வரியை நீக்கியதன் பலன். "எவன் கை வச்சான்னு எனக்குத் தெரியணும்," என்று பாய் திங்கட்கிழமை நேரில் வருவதாகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, அதைப் பிரமிளா பேருக்கு மாத்திடு லா," என்றார் முதலாளி. "வேலைக்குச் சேர்ந்து அஞ்சு மாசம்தான். நிரந்தரக் கடிதத்துல நான் இன்னும் கையெழுத்துப் போடல. அனுப்பினாலும் வலிக்காது."

யாருக்கு என்று கேட்கும் அதிகாரம் என் பதவிக்கு இல்லை.

"பாஸ், அன்னிக்கு அவங்க உடம்பு சரியில்லன்னு எம்.சி. எடுத்திருந்தாங்களே?"

"அப்போ தேதியைக் கொஞ்சம் தள்ளு. நல்ல நாளாப் பாரு. காரியம் விக்கினமில்லாம முடியணும்."

சுவர் நாள்காட்டியைப் புரட்டினேன். அந்த மாதத்திலேயே ஆகச் சிறந்த நாள் சிவப்பு எழுத்தில் கிடந்தது. காலை பத்து மணி என்று போட்டேன்.

திங்கட்கிழமை பாய் திரையை உற்றுப் பார்த்தார். "பிரமிளா யாரும்மா?"

"நான்தான் பாய். நான் தொடவே இல்ல. இன்னும் என்னை நிரந்தரமாக்கல, வேலை போயிடும் பாய்."

"தைப்பூசத்தன்னிக்கு, காலையில பத்து மணிக்கா வேலை பார்த்தே? பினாங்கே தண்ணீர்மலை ரோட்ல நின்னுச்சே! என் கடை வேன் மூணு மணி நேரம் நகரல."

"நான் பால்குடம் எடுத்தேன் பாய். பந்தல்ல பாஸ்தான் மோர் கொடுத்தாரு. போட்டோ இருக்கு."

படத்தில் முதலாளி, நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையில், மோர்க் குவளையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் கோளாறு லா," என்றார் நேரிலிருந்த முதலாளி.

"கம்ப்யூட்டருக்கு இந்தப் பொண்ணு மேல என்ன கோபம்? முதல்ல இவளோட நிரந்தரக் கடிதத்துல கையெழுத்துப் போடுங்க."

போட்டார். இந்த ஆண்டில் அவர் தம் பெயரிலேயே விட்டுவைத்த ஒரே பதிவு அது.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, இதுல பேரை மாத்தினது யாரு?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான், பழக்கத்தில், பிரமிளாவைப் பார்த்தேன்.