ஆறு வோல்ட்டின் முறைப் பாசனம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அந்தி நேரத்தில் அடிபட்டவர்களை வரிசையாக நிற்கவைத்தால், பாதிப்பேர் ஆறு வோல்ட் மீது மோதியவர்களாக இருப்பார்கள். மீதிப்பேர் மீது ஆறு வோல்ட் மோதியிருப்பார்.

அவர் தென்னந்தோப்பும் நெல்வயலும் உள்ள விவசாயி. ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. ஊர் அதைப் பயன்படுத்தவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிளில் இருந்தது ஆறு வோல்ட் பேட்டரி. அதற்கு மின்சாரம் தரும் டைனமோ வண்டியோடு பிறந்தது. முன்விளக்கு எரிகிறது என்று சொல்ல அந்த மின்சாரம் போதாது. எரிகிறதோ என்று சந்தேகப்படப் போதும்.

வேறு யாராயிருந்தாலும் டைனமோவை மாற்றியிருப்பார்கள். ஆறு வோல்ட் நிர்வாகத்தை மாற்றினார். எங்கள் பக்கம் ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் முறை வைத்துத்தான் வரும். இன்று உன் வயலுக்கு, நாளை என் வயலுக்கு. அதே சட்டத்தை அவர் வண்டிக்கும் கொண்டுவந்தார். கிணற்று மோட்டார் அறையில் கிடந்த ஒரு திருகு சுவிட்சைக் கழற்றி ஹேண்டில்பாரில் பொருத்தினார். ஒரு திருகுக்கு முன்விளக்கு, அடுத்த திருகுக்கு ஹார்ன், அதற்கடுத்ததற்குப் பின்விளக்கு. இரண்டு சேர்ந்து வேலை செய்யாது.

"எல்லா மடையும் ஒண்ணாத் தொறந்தா கடைமடைக்கு என்னங்க போகும்?" என்பார்.

"எதுங்க கடைமடை?"

"பின்னால லைட்டுத்தானுங்க. அதுக்கு வாரத்துல ஒருக்கா உட்டாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூரிலிருந்து பழைய வண்டிப் பைத்தியங்கள் வந்து படமெடுத்துக்கொண்டு, பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றச் சொல்வார்கள். "ரெண்டு பங்கு கரண்டு வந்தா ரெண்டு பங்கு செலவாகுமுங்க" என்று அவர்களைத் திருப்பி அனுப்புவார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு அறிவியல் எடுத்தவர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டதால் யாரையும் பொறுப்பாக்க முடியவில்லை.

ஒருநாள் பொழுது மசங்கி இருட்டும் நேரத்தில் மனைவி பொன்னக்காவைப் பின்னால் உட்காரவைத்து வாய்க்கால் கரையில் வந்தார். வளைவில் ஹார்ன் அடிக்க வேண்டும். திருகினார். ஹார்ன் கம்பீரமாகக் கேட்டது, விளக்கு போயிற்று, சாலையும் போயிற்று. வாய்க்காலுக்குள்ளிருந்து பொன்னக்கா கேட்டார், "ஏனுங்க, லைட்டு எங்கீங்க?"

"இப்ப ஹார்ன் முறையல்லோ" என்றார் ஆறு வோல்ட், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி.

அன்றே தீர்ப்பு வந்தது. வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் சோதனை நெருங்கியிருந்தது. "அதுல பாஸானா ஊட்ல நிக்கட்டும். இல்லீன்னா ஆக்கிரிக்காரன் எடைக்கு எடுத்துட்டுப் போகட்டும்" என்றார் பொன்னக்கா. பழைய இரும்பு எடுக்கும் ஆக்கிரிக்காரர் அடுத்த நாளே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். ஆறு வோல்ட் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

கோயமுத்தூர்ப் பைத்தியங்களுக்கே சொல்லியனுப்பினார்; அங்கிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் வைத்தார். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, புது பல்பு, புது ஹார்ன் எல்லாம் பொருத்தினார். திருகு சுவிட்சைக் கழற்றித் திண்ணை மீது வைத்தார். "வண்டி ஓடற வரைக்கும் சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்கும். எல்லாத்தையும் ஒண்ணாப் போடலாம்" என்றார். ஆறு வோல்ட் பணிவாகத் தலையாட்டினார். மெக்கானிக் கேரள எல்லையைத் தாண்டியிருக்க மாட்டார். சுவிட்ச் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

சோதனை நாளன்று நானும் என் கிழட்டு ஸ்கூட்டரோடு வரிசையில் நின்றேன். இன்ஸ்பெக்டர் விளக்கைப் போடச் சொன்னார். எரிந்தது. ஹார்ன் அடிக்கச் சொன்னார். ஆறு வோல்ட் திருகினார். ஹார்ன் கேட்டது, விளக்கு அணைந்தது.

"சேட்டா, ரெண்டும் ஒண்ணிச்சு வேணும்."

"முறை வச்சுத்தானுங்க வரும்."

"எந்து முறை?"

ஆறு வோல்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆழியாற்றிலிருந்து ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைத் திறந்தார். அதைப் பார்த்ததும் ஆறு வோல்ட் ஆழியாற்றைப் பாதியில் விட்டுவிட்டு, பெட்ரோல் டேங்கின் மீது கையை வைத்துக்கொண்டார்.

பின்சீட்டிலிருந்து பொன்னக்கா இறங்கினார். "கொஞ்சம் பொறுங்க சார்" என்றார். பிறகு கணவரிடம், "தள்ளுங்க அக்கட்ட. மடைய நாந்தொறக்கறேன்" என்றார். சுவிட்சைப் பிடுங்கினார், ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து முறுக்கினார். விளக்கு எரிந்தது, பொத்தானை அழுத்தியதும் ஹார்ன் அலறியது, பிரேக்கை மிதித்ததும் கடைமடை வரை சிவந்தது. ஆறு வோல்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

பாஸ்.

"எடைக்குப் போடறதுன்னீங்களே" என்று பொன்னக்காவிடம் கேட்டேன்.

"வண்டி போனா இந்த மனுசன் நாள் பூரா ஊட்ல இருப்பாருங்க. அதுக்கு வாய்க்கால் தேவல."

ஆறு வோல்ட் காதில் எதுவும் விழவில்லை. அவர் பேட்டரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "வத்தீராதா?"

"மெக்கானிக் சொன்னது காதுல உழுகலியா?" என்றார் பொன்னக்கா.

"உழுந்துச்சு. நம்பிக்கை வல்ல."

உச்சி வெயிலில் முன்விளக்கைப் போட்டபடியே கிளம்பினார். அணைக்க மறந்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். பிறகு, ஆளில்லாத வளைவிலெல்லாம் ஹார்ன் அடித்து, விளக்கு அணைகிறதா என்று எட்டிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் பின்னால் திரும்பி, அணையவில்லை என்று பொன்னக்காவிடம் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அன்று அலுவலகத்தில் அவசர வேலை இருந்தது; சாலையும் அகலமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர்களை முந்திப் போக எனக்கு மனம் வரவில்லை.