முதல் பரிசு ஒரு மூட்டை அரிசி

முதல் பரிசு தனக்குத்தான் என்று பிச்சைமுத்து வாத்தியார் அறிவிப்பு வந்த அன்றே முடிவு கட்டிவிட்டார். பரீட்சைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அதனால் என்ன? மூட்டையை வீட்டில் எந்த மூலையில் வைப்பது என்பதுவரை யோசித்தாகிவிட்டது.

சப்பான்காரன் மலாயாவுக்கு வந்து இரண்டாவது வருஷம். நமக்கு 1943, அவன் கணக்கில் அது 2603. ஒரே நாளில் ஊருக்கே அறுநூற்று அறுபது வயது கூடிப்போயிருந்தது. பசியில் எல்லோரும் அந்த வயதுக்காரர்களாகத்தான் தெரிந்தார்கள். இந்த லட்சணத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார்களையெல்லாம் ஈப்போவுக்கு வரச் சொல்லிப் பதினெட்டு நாள் பயிற்சி மாநாடு. நிப்போன் எழுத்தை, அதாவது சப்பான் எழுத்தை, அவர்கள் முதலில் படித்துக்கொள்ள வேண்டும். பிறகு பிள்ளைகளுக்கு வாசிக்கவும் எழுதவும் சொல்லித்தர வேண்டும்.

காலையில் சப்பான் ராஜா இருக்கிற கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு. பிறகு உடற்பயிற்சி. ஐம்பதைத் தொட்ட வாத்தியார்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு "இச்சி, நீ, சான்" என்று நிப்போன் பாஷையில் எண்ணிக்கொண்டே குதித்தார்கள். அதற்கப்புறம்தான் எழுத்து. அ, இ, உ, எ, ஒ.

"என்னா மச்சான், நெடிலையே காணோம்? அதையும் பங்கீட்டுல வெட்டிட்டானா?" என்று காதோடு கேட்டார் தாப்பாவிலிருந்து வந்த பத்துமலை வாத்தியார். எந்த இழவிலும் ஒரு சிரிப்பைத் தேடிப் பிடிக்கிற மனுஷன். பிச்சைமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அடி விழுமே என்று அடக்கிக்கொண்டார்.

மாநாட்டில் ஒரே ஒரு நல்ல காரியம் உண்டு. மத்தியானம் ஆளுக்கு ஒரு பிடி சோறு. கிழங்கு கலக்காத, வெள்ளை வெளேர் என்ற சோறு! வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைச் சாத்துவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார்.

"அங்கேயும் கிழங்குதான் புள்ள. வேகக்கூட இல்ல. வயித்த இழுத்துப் புடிக்குது."

ஏன் இந்தப் பொய்? உண்மையைச் சொன்னால் பெண்டாட்டி பாதியைக் கட்டிக்கொண்டு வரச் சொல்வாள். ஒரு பிடியில் பாதி என்ன காணும்? மனுஷன் கெட்டவரில்லை. பசித்தவர். அந்த வருஷத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. திரும்பும்போது பீலிக் குழாயடியில் மூன்று முறை வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் தோட்டத்துக்குள் நுழைவார். முகம் பார்க்கக் கண்ணாடி கிடையாது. அதைக் கொடுத்துத்தான் போன மாசம் உப்பு வாங்கியிருந்தார்கள்.

அவர் பெண்டாட்டி இருளாயி அதிகம் பேசாதவள். கிட்டே வந்து, அவர் மீசையிலிருந்து எதையோ கிள்ளி எடுப்பாள்.

"என்னா?"

"தூசிங்க."

பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்பாள். தினமும் அதே கேள்விதான்.

"சீனியப் பத்தி ஆபீசுல கேட்டீங்களா?"

சீனி அவளுடைய ஒரே தம்பி. மூன்று மாசத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி, சயாமில் ரயில் ரோடு போட லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எட்டு மாசம் ஆகிறது. கடுதாசியும் இல்லை, சேதியும் இல்லை, கூடப் போனவர்களில் ஒருத்தரும் திரும்பவில்லை.

"கேட்டேன், கேட்டேன். நல்லா இருக்கானாம்" என்பார் வாத்தியார். அந்த நிப்போன் ஆபீஸ் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவனைப் பார்த்தாலே அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கே போய்க் கேட்பது?

மாநாட்டின் பத்தாம் நாள்தான் அந்த அறிவிப்பு வந்தது. கடைசி நாளில் ஒவ்வொரு வாத்தியாரும் எழுத்து வாசனையே இல்லாத பெரிய ஆள் ஒருவரைக் கூட்டிவர வேண்டும். அந்த ஆளுக்குப் பத்து எழுத்து படிப்பித்திருக்க வேண்டும். நன்றாகச் செய்கிற நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி. கூடவே புதிய இடத்தில் உத்தியோகம்.

புதிய இடம் என்றால் டவுன்தான் என்று வாத்தியார்களே சொல்லிக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமெல்லாம் போய் இரண்டு வருஷமாகிவிட்டது.

யாரைக் கூட்டிப்போவது? வெளியாளைக் கூட்டிப்போனால் மூட்டையில் பங்கு கேட்பான். பெண்டாட்டி கேட்கமாட்டாள். கேட்டாலும் கொடுக்கவேண்டியதில்லை. அன்று சாயங்காலமே அடுப்புக்கரியால் சுவரில் எழுத்துகளை எழுதினார்.

"இது என்னா?"

"கு."

"இது?"

"கெ. ஏங்க, இதைப் படிச்சா என்னா கெடைக்கும்?"

"ஒரு மூட்டை அரிசி."

"எழுதுனா?"

"அதே மூட்டைதான்."

"அப்ப படிக்கிறது மட்டும் போதும்லா. கரியாவது மிச்சம்."

நாலே நாளில் பத்து எழுத்தையும் பிடித்துக்கொண்டாள். கிழங்கு சீவிக்கொண்டே தலைகீழாகச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்தது. "எல்லாம் சொல்லிக்குடுக்குற விதத்துல இருக்கு புள்ள" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. சுற்றிலும் ரப்பர் மரம், சைக்கிளுக்கு டயர் மட்டும் இல்லை. தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயை வெட்டிச் சுற்றிய சக்கரத்தில் இருளாயியைப் பின்னால் உட்காரவைத்து, எலும்பெல்லாம் இடம் மாற ஈப்போ போய்ச் சேர்ந்தார்.

மண்டபத்துக்குள் நுழைந்ததுமே பரிசு மேசை. நாலு மூட்டை. ஒவ்வொரு மூட்டையின் மேலும் மடித்த கம்பளி ஒன்று, எனாமல் மங்குக் கிண்ணம் ஒன்று, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரைப் பொட்டலம் ஒன்று.

"பாத்தியா புள்ள, கம்பளி வேற! மருந்துகூட வச்சிருக்கான். நம்ம மேல என்னா அக்கறை!"

இருளாயி கம்பளியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். மங்கைப் பார்த்தாள். பிறகு நேராகப் பத்துமலை வாத்தியாரின் மனைவி மங்களத்திடம் போய்க் காதில் ஏதோ சொன்னாள். மங்களம் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொம்பளைங்க சமாசாரம் என்று வாத்தியார் விட்டுவிட்டார்.

அவர் முறை வந்தது. பலகையில் பத்து எழுத்தையும் முத்துமுத்தாக எழுதினார். நிப்போன் அதிகாரி பிரம்பால் ஓர் எழுத்தைத் தொட்டான். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "இது என்ன?"

இருளாயி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"தந்திக் கம்பம்."

பிரம்பு அடுத்த எழுத்துக்குப் போனது.

"இது?"

"உக்கார்ற மணை. சாச்சு வச்சிருக்கு."

"புள்ள, அது எ! எ! நேத்துகூடச் சொன்னியே!" என்று வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"இதுவாவது தெரியுதா?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"தெரியுதுங்க. வெள்ளையா இருக்கு."

வாத்தியார்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சிரித்தால் தலை போகும். அதிகாரி பிரம்பைக் கீழே வைத்தான். நிதானமாக நடந்து வந்து பிச்சைமுத்துவின் கன்னத்தில் ஒன்று விட்டான். மண்டபம் முழுக்கக் கேட்டது. இவனுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு, போய்க் கிழங்கு நடட்டும் என்பது தீர்ப்பு. மொழிபெயர்ப்பாளர் அதை மட்டும் ரொம்பத் தெளிவாகச் சொன்னார்.

மங்களம் பத்து எழுத்தையும் கணீரென்று சொன்னாள். பத்துமலைக்கு முதல் பரிசு. மூட்டை மங்களத்தின் கைக்கு வந்தது. பத்துமலையும் மற்ற மூன்று பேரும் கம்பளியும் மங்குமாக லோரியில் ஏறினார்கள். உத்தியோகத்துக்கு உடனே போகவேண்டுமாம், குடும்பத்துக்குப் பிறகு ஆள் வருமாம்.

"மச்சான், வருத்தப்படாத! டவுன்ல வீடு கெடைச்சதும் வா, சோறு போடுறேன்!" என்று பத்துமலை லோரியிலிருந்து கையை ஆட்டினார். பிச்சைமுத்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்து குதித்தார் பாருங்கள், அது தனி உடற்பயிற்சி.

"ஒன்னயக் கூட்டிட்டுப் போனேன் பாரு, என்னயத்தான் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடணும்! ஒரு மூட்டடி! மூட்ட! தந்திக் கம்பமாம்!"

இருளாயி கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து மூன்று மாசம் வாத்தியார் அவளோடு பேசவில்லை. "வெந்துச்சா?" என்பது மட்டும் விதிவிலக்கு.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் மங்களம் வந்து நின்றாள். ரயிலில் இறங்கி, ஈப்போவிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். பாதி ஆளாகியிருந்தாள். இருளாயி ஓடிப்போய்க் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அரிசி முடிஞ்சுபோச்சுக்கா" என்றாள் மங்களம். "ஆளு வரல."

"எங்கம்மா இருக்காரு பத்துமலை?" என்று வாத்தியார் பதறிப்போய்க் கேட்டார்.

"சயாம்ல அண்ணே. ரயில் ரோட்டுல வேல செய்ற ஆளுங்களுக்கு நிப்போன் பாசை சொல்லித்தர நாலு வாத்தியாரையும் அங்கதான் கொண்டுபோயிருக்கானுங்க. இன்னிக்குத்தான் ஈப்போ ஆபீசுல சொன்னாங்க. உசுரோட இருக்காரான்னு கேட்டேன். அதுக்கு வேற மேசையாம். அந்த மேசையில ஆளே இல்ல." அவள் இருளாயியின் தோளில் சாய்ந்தாள். "அன்னிக்கே சொன்னீங்களேக்கா, வாயத் தொறக்காதன்னு. பொறாமையில சொல்றீங்கன்னு நெனச்சேன். பாவி நான், பத்தையும் கணீர்னு சொன்னேனே!"

இருளாயியும் அழுதாள். இருந்த கிழங்கில் பாதியை மங்களத்தின் முந்தானையில் கட்டிக் கொடுத்து, தோட்டத்து முனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். வாத்தியார் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

"ஒனக்கு எப்புடி புள்ள தெரிஞ்சிச்சு?"

"சீனி லோரி ஏறுறப்ப அவனுங்க குடுத்த அதே கம்பளிங்க. அதே செவப்புக் கரை. நான்தானே மடிச்சுக் குடுத்தேன்? அதே மங்கு, அதே கொய்னா. டவுன்ல பாடம் சொல்லப் போறவருக்குக் கொய்னா எதுக்குங்க?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க மூட்டைய விட்டுக் கண்ண எடுத்தாத்தானே?"

வாத்தியார் பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர். பத்தடி தூரத்தில் சாவை மடித்து வைத்திருந்ததை வாசிக்கத் தெரியவில்லை. இதற்கு ஒரு மாநாடு, பதினெட்டு நாள்! வாய்விட்டு அழுதார். அழுகையோடு உண்மையும் வந்தது.

"சீனியப் பத்தி நான் ஆபீசுல கேக்கவே இல்ல புள்ள. பயம்."

"தெரியுங்க."

"தெரியுமா?"

"கேக்கப் போயிருந்தா, சயாமுக்கு ஏத்துறவங்களுக்கு அங்க என்னா குடுக்குறாங்கன்னு பாத்திருப்பீங்க. அந்தக் கம்பளியப் பாத்ததும் எனக்கு முன்னால நீங்க ஓடியிருப்பீங்க."

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரி, ஒன்று போனால் போகட்டும். மத்தியானச் சோறு விஷயமாவது நம்மோடு இருக்கட்டும், அதை ஏன் இப்போது கிளறுவது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

இருளாயி கிட்டே வந்தாள். அவர் மீசைப் பக்கம் கையைக் கொண்டுபோய், எதையோ தேடிவிட்டு, வெறுமனே எடுத்துக்கொண்டாள்.

"என்னா, தூசியா?"

"ஒண்ணுமில்லங்க, பழக்கதோசம். மாநாட்டுக்குப் போன பதினெட்டு நாளும் இங்க ஒரு சோத்துப் பருக்க ஒட்டியிருக்கும். அதத்தான் நான் எடுத்துத் தின்னுக்கிட்டு இருந்தேன்."